ஒன்றை நங்கூரமிட்டு மற்றதை எண்ணுதல்: வரிசைப்பட்ட சோடிகளுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலை நகரம் வடக்கே 8 பாகை அகலக்கோட்டையும் கிழக்கே 81 பாகை நெடுங்கோட்டையும் சற்றுத் தாண்டி இருக்கிறது. மிச்சத்தை விட்டுவிட்டு இதை (8, 81) என்று எழுதலாம். இரண்டு எண்களையும் இடம் மாற்றி (81, 8) என்று எழுதிவிட்டால் கோணேசர் மலையும் இல்லை, உட்துறைமுகமும் இல்லை; ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே ஆர்க்டிக் சமுத்திரத்தின் நடுவில் போய் நிற்போம். எண்கள் அதேதான். வரிசை மாறியதும் இடம் மாறிவிட்டது. முதலாவது எது, இரண்டாவது எது என்பது பொருட்படும் இந்த மாதிரிச் சோடியைத்தான் வரிசைப்பட்ட சோடி என்கிறோம்.

"இந்த எல்லைக்குள் ஒரு நிறைவெண், அந்த எல்லைக்குள் ஒரு நிறைவெண், இன்ன நிபந்தனை, எத்தனை சோடிகள்?" என்ற வினா கணித ஒலிம்பியாட்டிலும் வரும், நிரலாக்கப் போட்டியிலும் வரும். முதன்முதலாக இதைத் தொடுகிறவர்கள் சூத்திரம் தேடி அலைவார்கள். அதற்கு அவசியமில்லை. ஓர் எண்ணை நங்கூரம் போட்டு நிறுத்துங்கள். மற்ற எண் எதிலிருந்து எதுவரை ஆட முடியும் என்று பாருங்கள். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு வேலையின் வெவ்வேறு வடிவங்கள்தான். ஒரு பென்சிலும் சதுரக் கோடு போட்ட கொப்பியும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் ஒரே ஓர் எல்லை

சோடிக்குப் போகுமுன் ஓர் எல்லைக்குள் எத்தனை நிறைவெண்கள் உண்டு என்பதைப் பிழையில்லாமல் எண்ணப் பழக வேண்டும். பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

10 அடி நீள வேலிக்கு அடிக்கு ஒரு கதியால் நடுவதானால் எத்தனை கதியால் வேண்டும்? இடைவெளிகள் 10, கதியால்கள் 11. தொடக்கத்தில் நிற்கும் கதியாலையும் எண்ண வேண்டும். அதேபோல் 3 முதல் 12 வரை உள்ள நிறைவெண்கள் 12 − 3 = 9 அல்ல, 12 − 3 + 1 = 10. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஒன்றைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். மறை எண்களுக்கும் இதே விதி: −4 முதல் 3 வரை 3 − (−4) + 1 = 8. பூச்சியமும் ஒரு நிறைவெண், அதை விட்டுவிடக் கூடாது.

எல்லை தசமமாக வந்தால் உள்பக்கமாக நெருங்கிவரும் நிறைவெண்ணை எடுக்க வேண்டும். −3.5 ஐ விடப் பெரியது, 4 ஐ விடப் பெரிதல்லாதது என்றால் எண்கள் −3 முதல் 4 வரை, மொத்தம் 8. இங்கே பலர் −3.5 க்கு −4 என்று எழுதிவிடுவார்கள். −4 இடப்பக்கம் இருக்கிறது, எல்லைக்கு வெளியே. எண்கோடு ஒன்றைக் கீறிப் பார்த்தால் இந்தப் பிழை வராது. அத்துடன் "குறைந்தது" என்பதையும் "விடப் பெரியது" என்பதையும் வாசிக்கும்போதே வேறுபடுத்துங்கள்: 5 ஐ விடப் பெரிய நிறைவெண் என்றால் தொடக்கம் 6. எல்லா நிபந்தனைகளையும் "இத்தனையிலிருந்து இத்தனை வரை, இரண்டு முனையும் சேர்த்து" என்ற வடிவத்துக்கு மாற்றி எழுதிய பிறகே எண்ணத் தொடங்குவது நல்ல பழக்கம்.

நிபந்தனை இல்லாத சோடிகள்

ஒருவர் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய்வர வேண்டும். போகும் நாள் மாதத்தின் 3ஆம் திகதி முதல் 12ஆம் திகதி வரை எதுவாகவும் இருக்கலாம். வரும் நாள் 8ஆம் திகதி முதல் 20ஆம் திகதி வரை எதுவாகவும் இருக்கலாம். போகும் நாளை ப என்றும் வரும் நாளை வ என்றும் குறிப்போம். (ப, வ) ஒரு வரிசைப்பட்ட சோடி. (9, 11) என்பது 9இல் போய் 11இல் வருவது, (11, 9) என்பது நடக்க முடியாதது.

இப்போதைக்கு நடக்க முடியுமா என்பதைப் பாராமல் எண்ணினால், ப க்கு 10 வாய்ப்பு, அதில் ஒவ்வொன்றுக்கும் வ க்கு 13 வாய்ப்பு. ஆகவே 10 × 13 = 130. ஒன்றின் தெரிவு மற்றதன் எல்லையை மாற்றாதபோது மட்டுமே இப்படிப் பெருக்கலாம். அந்த "மட்டுமே"யை மறந்து எல்லா இடத்திலும் பெருக்குவது புதிதாக வருபவர்களின் இரண்டாவது பெரிய பிழை.

ஒன்று மற்றதைக் கட்டும்போது

போன பிறகுதான் வர முடியும். அன்றே திரும்பினாலும் சரி என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை ப ≤ வ. இரண்டு வழி உண்டு.

ஒரு வழி நேரே எண்ணுவது. ப ஐ நங்கூரமிடுங்கள். ப 3 முதல் 8 வரை எதுவாக இருந்தாலும் வ 8 முதல் 20 வரை ஆடலாம்: 6 × 13 = 78. ப = 9 என்றால் வ 9 முதல் 20 வரை, 12. ப = 10 க்கு 11, 11 க்கு 10, 12 க்கு 9. கூட்டினால் 78 + 42 = 120.

மற்ற வழி, நிபந்தனைக்கு ஒத்துவராத சோடிகளை எண்ணி மொத்தத்திலிருந்து கழிப்பது. வருவது போவதற்கு முந்திவிடும் சோடிகள்: ப = 9 க்கு ஒன்று, 10 க்கு இரண்டு, 11 க்கு மூன்று, 12 க்கு நான்கு. மொத்தம் 10. 130 − 10 = 120. இங்கே இரண்டாவது வழி சுருக்கம். முடிந்தபோதெல்லாம் இரண்டு வழியிலும் செய்து பாருங்கள். இதைவிட நல்ல சரிபார்ப்பு கிடையாது.

கட்டாயம் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்றால் நிபந்தனை ப < வ. இப்போது ப உம் வ உம் சமமாகும் சோடிகளும் போய்விட வேண்டும்: (8, 8) முதல் (12, 12) வரை ஐந்து. ஆகவே 115. சமக்குறி இருக்கிறதா இல்லையா என்பது விடையை ஐந்தால் மாற்றிவிட்டது. வினாவில் அந்தச் சிறிய கோட்டின் கீழ் அடிக்கோடு இட்டுக்கொள்ளுங்கள்.

இனிச் சற்று இறுக்கிப் பார்ப்போம். வருவது போன நாளிலிருந்து 3 நாளுக்குள் இருக்க வேண்டும், அன்றே வந்தாலும் சரி. ப ஐ நங்கூரமிட்டால் வ க்கு இரண்டு கீழ் எல்லைகள் வருகின்றன: 8, ப. இரண்டு மேல் எல்லைகளும் வருகின்றன: 20, ப + 3. கீழ் எல்லைகளில் பெரியதை எடுங்கள், மேல் எல்லைகளில் சிறியதை எடுங்கள். இந்த ஒரு வரியே கட்டுரை முழுவதிலும் மிகவும் பயன்படப் போகும் வரி. ப = 5 என்றால் வ 8 முதல் 8 வரை, ஒன்று. ப = 6 க்கு இரண்டு, 7 க்கு மூன்று, 8 முதல் 12 வரை ஒவ்வொன்றுக்கும் நான்கு. மொத்தம் 1 + 2 + 3 + 20 = 26.

ப = 3, ப = 4 என்னவானது? ப = 4 க்கு வ 8 முதல் 7 வரை: 7 − 8 + 1 = 0, சரியாகவே வருகிறது. ஆனால் ப = 3 க்கு வ 8 முதல் 6 வரை: 6 − 8 + 1 = −1. எண்ணிக்கை மறையாக இருக்க முடியாது. அங்கே பூச்சியம் போட வேண்டும். சூத்திரத்தை நம்பி அந்த −1 ஐயும் கூட்டினால் விடை 25 ஆகிவிடும். கணினியில் எழுதும்போது இந்தப் பிழை வெளியே தெரியாது. நிரல் ஓடும், விடையும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், அதனால்தான் இது ஆபத்தானது. மேல் எல்லை கீழ் எல்லையைவிடச் சிறிதானால் பூச்சியம் என்பதைத் தனி நிபந்தனையாக எழுதிவிடுங்கள்.

இந்தக் கணக்கைக் கொப்பியில் கீறிப் பார்ப்பதும் நல்லது. குறுக்கே ப, நெடுக்கே வ. ஒவ்வொரு சோடியும் ஒரு புள்ளி. 130 புள்ளிகள் ஒரு செவ்வகம்; ப = வ என்பது சரிவாக ஓடும் ஒரு கோடு. கழித்த 10 சோடிகள் ஒரு மூலையில் 1, 2, 3, 4 என்று முக்கோணமாக உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

வரிசை உண்டா, இல்லையா

கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள். முதலில் ஒன்றில் அள்ளிக் குளித்து, பிறகு ஒன்றில் குளிக்கிறோம். அதே கிணற்றுக்குத் திரும்பலாம் என்றால் 7 × 7 = 49 சோடிகள். வேறு கிணறாக இருக்க வேண்டும் என்றால் 7 × 6 = 42. எது முதல் என்பது முக்கியமில்லை, எந்த இரண்டு என்பது மட்டும் போதும் என்றால் 42 இன் பாதி, 21.

பாதியாக்கும்போது கவனம் வேண்டும். 42 ஐப் பாதியாக்கலாம், ஏனெனில் ஒவ்வொரு சேர்க்கையும் சரியாக இருமுறை வந்திருக்கிறது. 49 ஐப் பாதியாக்க முடியாது. (3, 3) ஒருமுறைதான் வந்தது. ஒரே கிணறும் சரி, வரிசையும் வேண்டாம் என்றால் விடை 21 + 7 = 28. மறுபக்கமாகவும் இதே பிழை நடக்கும்: வரிசையில்லாத 28 ஐ இரட்டித்து 56 என்பார்கள், சரியான விடை 49. ஒரே எல்லைக்குள் இரண்டு எண்களையும் எடுக்கும் கணக்கில், சமமான சோடிகளை எப்போதும் தனியே பிரித்து வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் இரட்டியுங்கள் அல்லது பாதியாக்குங்கள்.

கூட்டுத்தொகை நிபந்தனைகள்

இனி ப, வ நாட்கள் அல்ல; சோடியின் முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும். இரண்டு எண்களும் −5 முதல் 5 வரை, கூட்டுத்தொகை 3. ப ஐ நிறுத்தினால் வ = 3 − ப; அது ஒன்றே ஒன்று. ஆகவே எண்ண வேண்டியது ப எத்தனை இடத்தில் நிற்கலாம் என்பதைத்தான். வ எல்லைக்குள் இருக்க ப −2 முதல் 8 வரை இருக்க வேண்டும். ப க்கு ஏற்கெனவே −5 முதல் 5 வரை என்ற எல்லை உண்டு. கீழ் எல்லைகளில் பெரியது −2, மேல் எல்லைகளில் சிறியது 5. விடை 8.

ப 1 முதல் 8 வரை, வ 1 முதல் 5 வரை, கூட்டுத்தொகை 9 ஐத் தாண்டக் கூடாது. இப்போது எதை நங்கூரமிடுவது? குறுகிய எல்லையுள்ளதை. வ க்கு ஐந்து வாய்ப்புத்தான். ஐந்து வரியில் வேலை முடியும். வ = 1 க்கு ப 8 வரை, 2 க்கு 7 வரை, பிறகு 6, 5, 4. மொத்தம் 30. கழித்துப் பார்த்தால் 40 − (1 + 2 + 3 + 4) = 30. ஒத்துவருகிறது.

மீதிகளால் எண்ணுதல்

ப 1 முதல் 20 வரை, வ 1 முதல் 11 வரை, ப + வ 3 ஆல் வகுபட வேண்டும். மொத்தச் சோடிகள் 220. மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்தால் 73.33, அது எண்ணிக்கையே அல்ல. ஆகவே மீதிவாரியாகப் பிரிக்க வேண்டும். 1 முதல் 20 வரையில் மீதி 0 உள்ளவை 6, மீதி 1 உள்ளவை 7, மீதி 2 உள்ளவை 7. 1 முதல் 11 வரையில் முறையே 3, 4, 4. கூட்டுத்தொகை வகுபட வேண்டுமானால் 0 உடன் 0, 1 உடன் 2, 2 உடன் 1 சேர வேண்டும்: 6 × 3 + 7 × 4 + 7 × 4 = 74. இங்கே நங்கூரமிட்டது ஓர் எண்ணை அல்ல, ஒரு மீதியை. வேலை அதேதான்.

மறை எண்கள் வந்தால் மீதி பலரைத் தடுமாற வைக்கும். −7 ஐ 3 ஆல் வகுத்தால் கணிதத்தில் மீதி 2, ஏனெனில் −7 = −9 + 2. பைதன் மொழியும் 2 என்றே சொல்லும். ஆனால் சி, ஜாவா மொழிகளில் −1 வரும். அவை ஈவைப் பூச்சியத்தின் பக்கமாக வெட்டுகின்றன. அந்த மொழிகளில் எழுதுகிறவர்கள் கிடைத்த மீதியுடன் 3 ஐக் கூட்டி மறுபடி 3 ஆல் மீதி எடுக்க வேண்டும்.

இதே காரணத்தால் மடங்குகளை எண்ணும்போதும் பிழை வரும். −7 முதல் 10 வரை 3 இன் மடங்குகள் −6, −3, 0, 3, 6, 9 என்று ஆறு. சூத்திரப்படி 10 ஐ 3 ஆல் வகுத்துக் கீழே இறக்கிய 3 இலிருந்து, தொடக்க எண்ணுக்கு முந்திய −8 ஐ 3 ஆல் வகுத்துக் கீழே இறக்கிய −3 ஐக் கழித்தால் 6. −8 ஐ வகுத்ததை −2 என்று வெட்டிவிட்டால் 5 வந்துவிடும்.

பெருக்கமும் வட்டமும்

பெருக்கம் 36 ஆகும் நேர் நிறைவெண் சோடிகள், 36 இன் காரணிகள் எத்தனையோ அத்தனை: 9. மறை எண்களும் சேர்ந்தால் 18. இரண்டு எண்களும் −12 முதல் 12 வரைக்குள் இருக்க வேண்டும் என்றால் (3, 12), (4, 9), (6, 6), (9, 4), (12, 3) ஆகிய ஐந்தும் அவற்றின் மறை வடிவங்களும் மட்டும், விடை 10. (2, 18) எல்லைக்கு வெளியே போய்விட்டது.

பெருக்கம் பூச்சியம் என்றால் தனிக் கவனம். −5 முதல் 5 வரை இரண்டு எண்கள்; ப பூச்சியமானால் வ க்கு 11, வ பூச்சியமானால் ப க்கு 11. விடை 22 அல்ல, 21. (0, 0) இருமுறை எண்ணப்பட்டுவிட்டது. பெருக்கம் நேராகும் சோடிகள் 50, மறையாகும் சோடிகள் 50; 21 ஐயும் கூட்டினால் 121 = 11 × 11 என்று கணக்கு மூடுகிறது.

பெருக்கம் 20 ஐத் தாண்டாத நேர் நிறைவெண் சோடிகளுக்கு ப ஐ நிறுத்தி 20 ஐ அதனால் வகுத்து, தசமத்தை வெட்டுங்கள். 20, 10, 6, 5, 4, 3, 2, 2, 2, 2, அதன் பிறகு 11 முதல் 20 வரை பத்து ஒன்றுகள். மொத்தம் 66. ஒவ்வொரு முறையும் தனித்தனியே வெட்ட வேண்டும்; எல்லாவற்றையும் கூட்டிவிட்டுக் கடைசியில் வெட்டினால் விடை கெடும்.

ப² + வ² ≤ 25 என்பது ஆரை 5 ஆன வட்டத்துக்குள்ளும் மேலும் உள்ள புள்ளிகளை எண்ணுவது. கணிதவியலாளர் காவுஸின் பெயரால் வழங்கும் வட்டப் பிரச்சினை இதுதான். ப = 0 என்றால் வ −5 முதல் 5 வரை 11. ப = 1, 2, 3 ஒவ்வொன்றுக்கும் வ −4 முதல் 4 வரை 9. ப = 4 க்கு 7, ப = 5 க்கு 1. ப மறையாகவும் வரலாம் என்பதால் பூச்சியம் தவிர மற்றவற்றை இரட்டிக்க வேண்டும்: 11 + 2 × (27 + 7 + 1) = 81. வட்டத்தின் பரப்பளவு ஏறத்தாழ 78.54. இவ்வளவு நெருங்கி வருவதால் பரப்பளவை ஒரு முரட்டுச் சரிபார்ப்பாக வைத்துக்கொள்ளலாம். விடையாக எழுதிவிடக் கூடாது.

பொதுக் காரணி 1 ஐத் தவிர வேறில்லாத சோடிகளை எண்ணுவது இன்னும் ஆழமான இடம். 1 முதல் 10 வரை இரண்டு எண்களும் இருந்தால் 100 இல் 63 சோடிகள் அப்படிப்பட்டவை. எல்லையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் இந்த விகிதம் 6 ஐ π (பை) என்ற எண்ணின் வர்க்கத்தால் வகுத்த எண்ணை, ஏறத்தாழ 0.608 ஐ, நெருங்கும். முதல் கிழமையில் இதற்குள் இறங்க வேண்டாம். அடிப்படை உறுதியானதும் தானாகவே இழுக்கும்.

கணினியில் செய்யும்போது

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுற்று எழுதி எல்லாச் சோடிகளையும் சோதிப்பதே முதல் நிரலாக இருக்கட்டும். அதை விடைக்காக அல்ல, சரிபார்ப்புக்காக வைத்துக்கொள்ளுங்கள். சிறிய எல்லைகளில் உங்கள் சூத்திரமும் அந்த நிரலும் ஒரே விடை தருகின்றனவா என்று பார்த்த பிறகே பெரிய எல்லைக்குப் போங்கள். மறை எண், பூச்சியம், ஒன்றையொன்று தொடாத எல்லைகள், ஒரே ஓர் எண் மட்டும் உள்ள எல்லை ஆகிய நான்கையும் கட்டாயம் சோதியுங்கள். பைதனில் ரேஞ்ச் கட்டளைக்கு 3, 12 என்று கொடுத்தால் 11 உடன் நின்றுவிடும். 13 என்று கொடுக்க வேண்டும். கதியால் பிழை இங்கேயும் வந்து காத்திருக்கிறது.

ஒவ்வோர் எல்லையிலும் இலட்சம் எண்கள் இருந்தால் சோடிகள் 1000 கோடி. இரண்டு சுற்று நிரல் போட்டி நேரத்துக்குள் முடியாது. ஓர் எண்ணை நங்கூரமிட்டு மற்றதன் எண்ணிக்கையைக் கழித்தலால் எடுத்தால் இலட்சம் படிகளில் முடிந்துவிடும். விடையைச் சேமிக்கும் மாறியையும் கவனியுங்கள்: 32 பிட்டுச் சாதாரண நிறைவெண் வகை 2147483647 வரைதான் தாங்கும், அதாவது 215 கோடிக்குள். அதைத் தாண்டினால் விடை மறை எண்ணாகவோ சம்பந்தமில்லாத எண்ணாகவோ மாறலாம். 64 பிட்டு வகையை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

கையால் பழக ஒரு கணக்கு

ப −6 முதல் 9 வரை, வ 0 முதல் 14 வரை. மொத்தச் சோடிகள், ப < வ ஆனவை, கூட்டுத்தொகை 5 ஆனவை, பெருக்கம் பூச்சியமானவை, கூட்டுத்தொகை 5 ஆல் வகுபடுபவை என்று ஐந்தையும் இங்கே வாசிப்பதை நிறுத்திக் கொப்பியில் செய்து பாருங்கள்.

மொத்தம் 16 × 15 = 240. ப < வ ஆகாதவை ப = 0 முதல் 9 வரை 1, 2, 3 என்று 10 வரை ஏறி 55; ஆகவே 185. கூட்டுத்தொகை 5 க்கு ப −6 முதல் 5 வரை நிற்கலாம், 12. பெருக்கம் பூச்சியம் 15 + 16 − 1 = 30. கடைசிக் கணக்குக்கு மீதிவாரியாக அட்டவணை போட்டவர்கள் நேரத்தைச் செலவழித்துவிட்டார்கள்: வ க்கு 15 எண்கள், 5 மீதிகளும் சரியாக மும்மூன்று முறை வருகின்றன, ஆகவே ப எங்கே நின்றாலும் வ க்கு 3 இடம். 16 × 3 = 48. நங்கூரத்தை வ இல் போட்டிருந்தால் ப இன் 16 எண்கள் ஐந்தால் சமமாகப் பிரியாமல் தொல்லை தந்திருக்கும்.